எடைக்கல்லின் இடது கால்

என் நாத்தனார் ஓடும்போது நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்று வருடமாக அப்படித்தான். காலை எட்டேகாலுக்கு அவள் டிரெட்மில்லில் ஏறுவாள், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். மூன்று நிமிடம். ஓடும் பட்டைக்கு அடியில் இரண்டு தகடுகள் இருக்கின்றன, இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. ஒவ்வொரு மிதியிலும் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று அவை சொல்லும். என் திரையிலும் அவளுக்கு முன்னால் இருக்கும் திரையிலும் சின்னச் சின்னக் குன்றுகளாகக் கோடு போகும். அவள் குன்றுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அன்றைய முதல் ஆள் வருவதற்குள் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதற்கு ஒரே ஆள், ஒரே ஷூ, ஒரே வேகம். மனுஷ ஜென்மம் தினமும் ஒரே மாதிரி ஓடுமா என்று பேராசிரியர் முதலில் சந்தேகப்பட்டார். என் நாத்தனாரின் ஒரு மாதக் கோடுகளை அடுக்கிக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டார். எங்கள் பிசியோதெரபிஸ்டுக்கு முகத்தில் பாதி மீசைதான், அதனால் எல்லோருக்கும் அவர் மீசை. அவர்தான் அவளுக்கு ‘எடைக்கல்’ என்று பெயர் வைத்தார். அவள் இரண்டு நாள் கோபித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் தன் டீ கப்பில் அவளே அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொண்டாள்.

மற்ற நேரமெல்லாம் அவள் வரவேற்பு மேசையில் இருப்பாள். எங்கள் ஆராய்ச்சியில் நூற்றிருபது பேர் ஓடுகிறார்கள். பாதிப் பேருக்குக் காலடியைச் சின்னதாக, அடிக்கடி வைத்து ஓடப் பழக்கியிருக்கிறோம். மீதிப் பேர் தங்கள் இஷ்டத்துக்கு ஓடுகிறார்கள். யாருக்குக் காலெலும்பு நோகிறது, யாருக்கு நோகவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. வருகிற ஒவ்வொருவரும் ஒரு தாளை நிரப்ப வேண்டும். வலி இருக்கிறதா, எங்கே, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு. அந்தத் தாளை நீட்டுவது என் நாத்தனார்தான். “மறைக்காம எழுதுங்க, இங்க யாரும் திட்ட மாட்டாங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொல்வாள். அவளிடம் யாரும் அந்தத் தாளை நீட்டவில்லை. அவள் எங்கள் ஆய்வில் ஓடுகிறவள் இல்லையே, அளவுகோல்தானே.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு வாரம்தான் அண்ணி, என்றாள். அவள் விட்டுவிட்டு வந்த ஆளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும், அதனால் பேசவில்லை. வந்த புதிதில் விடிந்தும் விடியாமல் வெளியே போய்விடுவாள். எங்கே போகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள்: வீட்டில் ஒரே ஒரு குளியலறை, காலை நேரத்தில் எங்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று தெருவில் நடந்துகொண்டிருந்தாளாம். நடை ஓட்டமானது. ஓட்டம் பத்துக் கிலோமீட்டரானது. போன வருடம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, நாற்பத்து மூன்று வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சமையலறைச் சுவரில் அட்டவணை ஒட்டினாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது ஊரறிந்த விஷயம். ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் அடித்து அரைமணி தாமதமாக வந்தாள். “நீ ஒரு நாள் நின்னா என் மூணு வருஷ வேலை மண்ணாப் போயிடும், தெரியுமா?” என்று எகிறினேன். எகிறிவிட்டு அன்றைக்கே மறந்தும் போனேன். சொன்னவளுக்கு மறந்துவிடும்.

ஆய்வு முடிய மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, இடது குன்று கொஞ்சம் தாழ்ந்திருந்தது. நூற்றுக்கு இரண்டு. புதன்கிழமை நான்கு. அடுத்த வாரம் ஆறு. எனக்கு வந்ததே கோபம்! கருவிக் கம்பெனிக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். கம்பெனிக்காரர் வந்தார். இருபது கிலோ இரும்புக் கட்டிகளை இரண்டு தகடுகளிலும் மாற்றி மாற்றி வைத்தார். இரண்டும் சரியாக இருபதைக் காட்டின.

“மேடம், தகடு சரியாத்தானே இருக்கு?” என்றார்.

“அப்ப எங்க ஆளு தப்பா? மூணு வருஷமா இம்மி அசையாதவ, இன்னைக்கு மாறிடுவாளா?”

“நிக்கிற எடைக்குச் சரியாக் காட்டி, ஓடுறப்ப தப்பாக் காட்டலாம். கேபிள் ஆடுதோ என்னவோ...”

கேபிளை மாற்றினார். அப்போதும் ஆறு. கடைசியில் என் தொல்லை தாங்காமல், இடது பக்கக் கணக்கை நூற்றுக்கு ஆறு கூட்டிக் காட்டும்படி மென்பொருளில் ஒரு திருத்தம் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடியே போனார். இரும்பு சொன்னதை நான் நம்பவில்லை. எங்கள் எடைக்கல்லைத்தான் நம்பினேன்.

அவள் துண்டால் முகத்தைத் துடைத்தபடி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன அண்ணி, சரியாயிடுச்சா?”

“ஆச்சு, ஆச்சு. மிஷின்தான் கோளாறு.”

“மிஷின்தானா? நல்லாத் தெரியுமா?”

“பின்ன என்ன, நீயா?”

அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். என் தலைவலி தீர்ந்ததற்காகச் சந்தோஷப்படுகிறாள், நல்ல மனசு, என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் கோடு பிசகவே இல்லை. பந்தயத்துக்கு மூன்று நாள் இருந்தது. அன்று மத்தியானம் மீசை கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு என் மேசைக்கு வந்தார்.

“மேடம், ஒரு சந்தேகம். சிரிக்கக் கூடாது.”

“சிரிக்கிற நிலைமையில நான் இல்ல. சொல்லுங்க.”

“ஊர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல இடது கால் கனமாயிடுமா?”

காகிதங்களைப் பரப்பினார். கடந்த ஐந்து வாரத்தில் வந்த முப்பத்தொரு பேர். பள்ளி ஆசிரியை, தபால்காரர், பல் டாக்டர், லாரி ஓட்டுகிறவர். போன தடவை வந்தபோது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. இந்தத் தடவை எல்லோருக்கும் இடது மிதி நூற்றுக்கு ஆறு கூடியிருந்தது.

ஓடுகிற ரகம் இல்லை நான். பஸ் கிளம்பிவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற ரகம். அன்றைக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு டிரெட்மில்லில் ஏறினேன். மீசை வேகத்தை வைத்தார். எனக்கும் இடது கால் கனம். “திருத்தத்தை எடுங்க” என்றேன், மூச்சு வாங்க. எடுத்தார். இரண்டு பக்கமும் சமமானது.

பட்டை நின்றது. நான் கைப்பிடியை விடவில்லை. கருவி சரி. முதல் நாளிலிருந்தே சரி. அப்படியானால் மாறினது யார்? மீசை என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் அந்தப் பெயரைச் சொல்லத் துணிவில்லை.

தினமும் காலைச் சோதனையைக் கேமராவும் பதிவு செய்யும். அந்தப் படங்களை யாரும் திறந்து பார்த்ததில்லை. எங்களுக்கு வேண்டியது எண்கள்தானே. அன்று திறந்தேன். என் முதுகுக்குப் பின்னால் என் நாத்தனார் ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இடது மிதிக்கும் கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். மிதி, உதடு, மிதி, உதடு. மூன்று நிமிடம் முடிந்ததும் கைப்பிடியில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நிமிர்ந்து, முகத்தைத் துடைத்து, என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நான் திரும்பவே இல்லை. ஐந்து வாரப் படங்களையும் பார்த்தேன். ஒரு நாள்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எப்படி மாடிப்படி இறங்கினேனோ தெரியாது. அவள் யாரோ ஒருவருக்கு அந்தத் தாளை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“எந்திரி” என்றேன்.

“என்ன அண்ணி?”

“எந்திரிச்சு இடது காலால ஒரு குதி...” பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். “வேண்டாம். குதிக்காத. அசையாத. அப்படியே உக்காரு.”

மீசை அவளைப் படுக்க வைத்து, இடது முழங்காலை மடக்கி, தொடையை மெல்ல உட்பக்கமாகத் திருப்பினார். கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துவிட்டன.

“எத்தனை நாளா?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நாளாத்தான். ஓடினா இடுப்புக்குக் கீழ, உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருக்கும். உக்காந்தா போயிடும்.”

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அது போதாது என்று தெரியும், ஸ்கேன் எடுங்கள் என்று சண்டை பிடித்தேன். என் கோபம் உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான். தொடை எலும்பின் கழுத்தில், இடுப்போடு சேர்கிற இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். நல்ல வேளையாக விரிசல் கீழ்ப்பக்கம், ஆபரேஷன் வேண்டாம், காலை ஊன்றாமல் இருந்தால் கூடிவிடும் என்றார் டாக்டர். “இன்னும் ஒரு நீள ஓட்டம் ஓடியிருந்தா ரெண்டாப் போயிருக்கும்” என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவள் ஓட இருந்தது நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

வெளியே நடையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் எதிரில் நின்றேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

“ஒரு பந்தயத்துக்காகக் காலையே முறிச்சுக்குவியா? அப்படி என்னடி பெரிய பந்தயம்?”

“பந்தயமா?” நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. “அதை விடுங்க அண்ணி, போனா போகுது. நான் நின்னுட்டா உங்க ஆராய்ச்சி மண்ணாப் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க? மூணு மாசம்தானே பாக்கி, பல்லைக் கடிச்சுக்கலாம்னு...”

நான் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

“முதல்ல பயமாத்தான் இருந்துச்சு” என்றாள் தயங்கித் தயங்கி. “கோடு தாழுதே, என்னாலதானோன்னு. அப்புறம் நீங்களே சொல்லிட்டீங்க, மிஷின்தான் கோளாறுன்னு. அப்ப என் கால்ல ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டேன். உங்களுக்குத் தெரியாததா?”

“வலி கூடிக்கிட்டேதானே போயிருக்கும்? அப்புறம் எப்படி அஞ்சு வாரம் கோடு அசையாம இருந்துச்சு?”

“முன்னாடி திரை இருக்கே. ரெண்டும் சமமா வர்ற அளவுக்கு இடது காலை அழுத்தி மிதிச்சேன்.”

இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. நான் அழுதுவிட்டேன். நடையில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். நூற்றிருபது பேர் காலில் அடிபடாமல் இருக்க வேண்டும் என்று ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொள்கிறவள் நான். என் வீட்டில், என் முதுகுக்குப் பின்னால் இவள் எலும்பு விரிந்துகொண்டிருந்தது.

“அழாதீங்க அண்ணி. எட்டு வருஷமா உங்க வீட்டுல இருக்கேன். நான் உங்களுக்குத் தர்றதுன்னு பாத்தா இந்த மூணு நிமிஷம்தான் இருக்கு. அதையும் நிறுத்த மனசு வரல.”

“உங்க வீடா? எது உங்க வீடு? யார் வீட்டுலடி நீ இருக்கே?” என்று கத்தினேன். “இனிமே ‘உங்க வீடு’ன்னு சொன்னே, இந்தக் கட்டையாலயே ஒண்ணு போடுவேன்.” நர்ஸ் அப்போதுதான் ஊன்றுகோல்களைக் கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்தாள். கத்திவிட்டு எழுந்து என் நாத்தனாரின் தலையை இழுத்து என் வயிற்றோடு சேர்த்துக்கொண்டேன். அவள் எனக்குத் தங்கச்சி மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

மறுநாள் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திருத்தம் போடாத மூல எண்கள் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டார். இருந்தன. “அப்ப ஆய்வு எங்கேயும் போகலை. அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?” என்றார். அவ்வளவுதான். மண்ணாகப் போய்விடும் என்று நான் பயந்தது இவ்வளவுதான். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் அந்த ஐந்து வாரத்துக்கு நேரே என் கையால் எழுதினேன்: ‘கருவியில் பழுதில்லை. ஓடியவருக்கு வலி இருந்தது. நான் கேட்கவில்லை.’

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் அவள் இல்லாமலே நடந்தது. நானும் அவளும் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சீட்டு விளையாடினோம். அவள் இரண்டு ஆட்டம் ஏமாற்றி ஜெயித்தாள். என் வீட்டுக்காரர் மட்டும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். தங்கைக்கு அடிபட்டது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு ஆற்றாமை. அதை ஆற்றிக்கொள்ள அடுத்த நாளே கடைக்குப் போய், எப்போதோ ஓடப் போகிறவளுக்குப் புது ஷூ வாங்கி வந்து அலமாரியில் வைத்தார்.

எட்டு வாரம் ஊன்றுகோல். காலையில் நானும் என் வீட்டுக்காரரும் அவளுக்காகக் குளியலறையை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே நின்றோம். அவளுக்கு அது தாங்க முடியாத கூச்சம். ஆய்வுக்கூடத்தில் தினச் சோதனைக்கு மீசை ஓடினார். அவருடைய கோட்டைப் பார்த்தால் ஒரு நாள் மலை, ஒரு நாள் மடு. இரும்புக் கட்டியை வைத்து அளந்து, அது சொன்னதை மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டேன். ஆய்வும் ஒரு வழியாக முடிந்தது.

பதினான்காவது வாரம் டாக்டர் மூன்று நிமிடம் மெல்ல ஓடிப் பார்க்கலாம் என்றார். வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். வலிக்கிறதா இல்லையா என்று வேறு எந்தக் கருவியும் சொல்லாது, அவள்தான் சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் பயம். எலும்பு கூடிவிட்டது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டேன். இவள் வாயைத் திறப்பாளா என்று எந்த ஸ்கேனில் பார்ப்பது?

காலை எட்டேகால். புது ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தாள். வரவேற்பு மேசையிலிருந்து நானே ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். சிரித்துக்கொண்டே எல்லா இடத்திலும் பூஜ்யம் போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு முன்னால் இருந்த திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். பிறகு என் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

“அண்ணி, கம்ப்யூட்டர் அந்தப் பக்கம் இருக்கு.”

“தெரியும். நீ ஓடு.”

பட்டை நகர்ந்தது. ஓடினாள். அவள் ஓடுவதை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, யாரோ சொல்கிற கதையைக் கேட்டுக்கொண்டு போகிறவள் மாதிரி ஓடுகிறாள். இவ்வளவு அழகாக ஓடுவாள் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.

“வலிக்குதா?”

“இல்ல.”

அரை நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன். இல்லை என்றாள். ஒன்றரை நிமிடம். இல்லை. இரண்டாவது நிமிடம் முடியும்போது அவள் கீழுதடு உள்ளே போனது. நான் கேட்கவில்லை. அவளே சொல்லட்டும் என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மிதி, மூன்று மிதி, நான்கு.

“அண்ணி,” என்றாள். “வலிக்குது.”

சிவப்புப் பொத்தானில் என் உள்ளங்கை விழுந்தது. பட்டை நின்றது. நான் அப்படியே அவள் காலடியில் மண்டியிட்டேன்.

“எங்க? இடுப்புலயா? உள்ளேயா?”

“இங்க.” இடது காலைத் தூக்கிச் சுண்டுவிரல் பக்கத்தைக் காட்டினாள். “ஷூ கடிக்குது. அண்ணன் ஒரு சைஸ் சின்னதா வாங்கிட்டார். சொன்னா அவர் மனசு கஷ்டப்படுமேன்னு...”

மீசை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் ஷூவைக் கழற்றினேன். சுண்டுவிரல் சிவந்திருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. வலிக்கிறது என்று சொன்னாளே. என்னிடம் சொல்லிவிட்டாளே.

மேசையிலிருந்த தாளை எட்டி எடுத்தேன். பூஜ்யங்களை அடித்துவிட்டு எழுதினேன். வலி: இருக்கிறது. இடம்: இடது சுண்டுவிரல்.

“எவ்வளவு போடட்டும்?”

அவள் விரலை அசைத்துப் பார்த்து, நிஜமாகவே யோசித்தாள்.

“மூணு போடுங்க.”

மூன்று என்று போட்டேன்.